முழு வாரம்

ஒருத்தருக்கு மட்டும் சாம்பார் வைப்பது எப்படி என்று கண்டுபிடித்தவன் இன்னும் பிறக்கவில்லை. பருப்பை ஒரு கைப்பிடி போட்டால் புளி தூக்கலாகிவிடும். புளிக்குத் தண்ணீர் விட்டால் காய் போதாது. காயைச் சேர்த்தால் மறுபடியும் பருப்பு. நடுவாசல் கிராமத்து ரெத்தினம் ஆறு வருஷமாக இந்தச் சண்டையைப் போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வைத்த சாம்பார் புதன்கிழமை வரை வரும். மூன்றாம் நாள் அதற்கும் அவருக்கும் நடுவே ஒரு புருஷன் பெண்சாதி மௌனம் வந்துவிடும். கோபமும் கிடையாது, ஆசையும் கிடையாது, எதிரெதிரே உட்கார்ந்திருப்பதோடு சரி.

மனைவி தங்கம்மாள் இறந்துபோனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில். ஒரே மகன் பினாங்கில். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை வரும். அதில் அச்சுக்காரன் எழுதியது நாலு வரி, மகன் எழுதியது கையெழுத்து மட்டும். வீட்டில் பேச்சு அற்றுப்போனதில் சுவர்ப்பல்லிகூடச் சத்தம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. யாருக்குச் சகுனம் சொல்வது என்று அதற்கும் புரியவில்லை போலிருக்கிறது. ரெத்தினம் தாழ்ப்பாள் போட்டால், வெண்ணாற்றுக்கு அக்கரையில் மேயும் மாடு திரும்பிப் பார்க்கும். ஒருநாள் அவர் தும்மிவிட்டு, அந்தச் சத்தத்துக்குத் தானே “யாருங்க?” என்று கேட்டபடி வாசலுக்குப் போய்ப் பார்த்தார். இதற்கு மேல் சொல்லவும் வேண்டுமா.

பேசுவதற்கு ஆளே இல்லையா என்றால், ஒருத்தர் இருந்தார். வீரையன். ரெத்தினத்துக்கு இருந்தது ஒரு வேலி, அதாவது ஏழு ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலம். அதில் சாகுபடி வீரையன். இருபது வருஷப் பழக்கம். தங்கம்மாள் காலத்தில் வீரையனுக்கு மோர் கொடுக்காமல் அந்த வீட்டில் மத்தியானம் முடியாது. சாகுபடிதாரர்கள் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்ததும் வீரையன் தாலுகா ஆபீஸுக்குப் போய்த் தன் பெயரைப் பதிந்துகொண்டார். சட்டப்படி சரி. ரெத்தினத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவரே குடை பிடித்துக் கூட்டிப் போயிருப்பார். சொல்லவில்லை. “எங்கிட்ட சொன்னா நான் கடிச்சா தின்னுடுவேன்?” என்று ரெத்தினம் அன்றைக்குக் கேட்டது கடைசிப் பேச்சு.

அதற்குப் பிறகு நாலு வருஷமாகச் சாடைதான். வீரையன் சொல்ல வேண்டியதைத் தன் மயிலைக்காளையிடம் சொல்வார். ரெத்தினம் பதிலைத் தன் குடையிடம் சொல்வார். விதை விடுவது, உரம் போடுவது, களத்தில் பங்கு பிரிப்பது எல்லாம் ஒரு மாடும் ஒரு குடையும் பேசி முடித்த சமாசாரங்கள். விளைந்ததில் சாகுபடி செய்தவருக்கு அறுபது, நிலத்துக்காரருக்கு நாற்பது. அந்த நாற்பதுக்குத்தான் வாரம் என்று பேர். அந்த ஒரு சொல்லுக்காக அந்த வருஷங்களில் தஞ்சாவூர் ஜில்லாவில் மண்டை உடையாத களம் கிடையாது.

எழுபத்துமூன்று மார்கழியில் ஒருநாள் காலை, தபால்காரர் தெருமுனையிலேயே சைக்கிளை நிறுத்தி, “ரெத்தினம் ஐயாவுக்குச் சங்கத்துக் கடுதாசி” என்று குரல் கொடுத்தார்.

சங்கம் என்றால் அப்போது சாதாரணச் சொல்லா? கோட்டையில் கழக ஆட்சி, வயலில் சங்க ஆட்சி என்று சொல்வார்கள். கூலி கேட்க ஒரு சங்கம், குத்தகை குறைக்க ஒரு சங்கம், இந்த இரண்டையும் எதிர்க்க மிராசுதார்களுக்கு ஒரு சங்கம். கீழ்வேளூர்ப் பக்கம் வரப்புக்கு வரப்பு கொடி. தபால்காரர் சொன்ன சேதி டீக்கடைக்குப் போவதற்குள் ரெத்தினத்தின் வயலில் கொடி ஏறிவிட்டது, பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் போலீஸ் வேன் வந்துவிட்டது, ஆற்றங்கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எட்டும்போது ரெத்தினத்துக்கு ஜாமீன்கூடக் கிடைத்துவிட்டது.

அசல் கடிதத்தில் மேலே அச்சடித்திருந்தது ‘பழைய மாணவர் சங்கம்’ என்று. தஞ்சாவூரில் அவர் பி.ஏ. படித்த கல்லூரி. அனுப்பியவர் சங்கச் செயலர் ஜெக்கரியா. தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் எடுத்த காகிதம்.

“அன்புடையீர், நம் கல்லூரியில் இன்று வறிய குடும்பத்து மாணவர் பலர் பயில்கின்றனர். விடுதியில் அனைவருக்கும் இடமில்லை. பசியோடு பாடம் ஏறாது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எனவே பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற அளவு வாரம் கொடுத்து உதவ வேண்டுகிறோம். பாதி வாரமாயினும் நன்று. முழு வாரமாயின் பெருமகிழ்ச்சி.”

பக்கம் அதோடு முடிந்தது.

ரெத்தினத்துக்கு முதலில் வந்தது கோபம். காலேஜும் வாரம் கேட்க ஆரம்பித்துவிட்டதா என்று குடையிடம் கேட்டார். மறுபடி படித்தார். இரண்டாம் தடவை படிக்கும்போது கண் ‘அன்புடையீர்’ என்ற இடத்தில் நின்றுவிட்டது. நெல்லைச் சண்டை போட்டுக் கேட்டவர்கள் உண்டு, கேட்காமலே அள்ளிக்கொண்டவர்களும் உண்டு. அன்புடையீர் என்று ஆரம்பித்துக் கேட்டவர்கள் கிடையாது. மூன்றாம் தடவை படிக்கும்போது அவருக்குப் பழைய விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் சத்தம் காதில் விழுந்தது. நூறு பேர் பந்தியில் உட்கார்ந்து ஒரே சமயத்தில் அப்பளத்தை நொறுக்கினால் ஓட்டுக் கூரையில் மழை பெய்வது போல இருக்கும். அவர் மூன்று வருஷம் அந்த மழையில் நனைந்தவர்.

உடனே உட்கார்ந்து பதில் எழுதினார். “ஐயா, பாதி எதற்கு? என் வாரம் முழுவதையும் கல்லூரிக்கே கொடுக்கிறேன். தை பிறந்ததும் தொடங்கலாம்.”

எழுதிய கையோடு இன்னொரு காரியமும் செய்தார். கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய பி.ஏ. பட்டம் தொங்கியது. ஆறு வருஷத்தில் தனக்கு வந்த ஒரே மரியாதைக் கடிதம் ஆயிற்றே, அதை எங்கே வைப்பது? சட்டத்தின் பின்னட்டையைக் கழற்றி, பட்டத்துக்குப் பக்கத்தில் கடிதத்தைச் செருகி, மறுபடி ஆணி அடித்து மாட்டிவிட்டார். கடிதத்தின் முகம் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. முதுகு அட்டையோடு ஒட்டிக்கொண்டது. முதுகிலும் பத்து வரி எழுதியிருந்ததை அவர் பார்க்கவே இல்லை.

பத்தே நாளில் பதில் வந்தது. தங்கள் கடிதம் கண்டு செயற்குழுவே எழுந்து நின்றது, தை கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேரில் வந்து நன்றி சொல்ல ஆசைப்படுகிறேன் என்று ஜெக்கரியா கைப்பட எழுதியிருந்தார். ஒரு செயற்குழு எழுந்து நின்றதைவிட, ஓர் ஆள் வந்து உட்காரப் போகிறார் என்பதுதான் ரெத்தினத்தைப் பிடித்து ஆட்டியது. அன்றிலிருந்து நாளை எண்ணினார். சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறவர் சாப்பிடாமல் போக முடியாது. ஒரு மணி நேரம். நிதானமாக மெல்லுகிறவராக இருந்தால் ஒன்றேகால் மணி.

தை நடுவில் அறுப்பு முடிந்து களத்தில் பங்கு பிரிந்தது. வாரம் ஐம்பத்துமூன்று மூட்டை. ரெத்தினம் வண்டியை வீட்டுக்கு ஓட்டச் சொல்லவில்லை, லாரி பிடித்து வந்து நிறுத்தியிருந்தார். அத்தனையும் தஞ்சாவூர் விடுதிக்கு என்று தெரிந்ததும் வீரையன் முகம் சுண்டிப்போனது. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நிலத்தை டிரஸ்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எழுதிவைத்துவிட்டு, அந்தச் சாக்கில் சாகுபடிதாரர்களைக் கிளப்பிய கதை நாலு ஊரில் நடந்திருந்தது. ஒரு வேலிக்காரருக்கு உச்சவரம்பு ஏது என்று வீரையனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் பயம் கணக்குப் பார்க்காது.

அவர் மயிலைக்காளையின் கழுத்தைத் தடவியபடி கேட்டார். “ஏண்டா மயிலை, நாளைக்கு நெலத்தையும் காலேஜுக்கு எழுதிட்டா, வாத்தியாருங்க வந்து நாத்து நடுவாங்களா?”

“நிலம் நிலமாத்தான் இருக்கும், குடையே,” என்றார் ரெத்தினம். “வாரம் என்னுது. யாருக்கு வேணாலும் குடுப்பேன்.”

“எல்லாத்தையும் ஏத்திட்டு மனுசன் எதத் திம்பாரு மயிலை? ஒனக்கு வச்ச வைக்கோலையா?”

அதை ரெத்தினம் யோசித்திருக்கவில்லை. மறுநாள் காலை கதவைத் திறந்தபோது வாசலில் இரண்டு மூட்டை நெல் இருந்தது. கொண்டுவந்து போட்டது யார் என்று கேட்க முடியாது. மயிலையும் அந்தப் பக்கம் வரவில்லை. ரெத்தினம் மூட்டைகளை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, வெகுநேரம் அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

தை கடைசி ஞாயிறு. விடிவதற்கு முன்னால் எழுந்து அவர் செய்த சமையலைப் பார்த்தால், வருவது ஜெக்கரியாவா, ஜெக்கரியாவின் மகளுக்குப் பெண்ணழைப்பா என்று சந்தேகம் வரும். முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல், கத்தரிக்காய்க் கூட்டு, ரசம், வடை, பாயசம். ஆறு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சாம்பாரில் பருப்பும் புளியும் காயும் சண்டை போடாமல் சேர்ந்தன. பின்கட்டு வாழையில் இரண்டு நுனி இலை அறுத்துக் கழுவிவைத்தார்.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஜெக்கரியா வந்து இறங்கினார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், அறுபத்தெட்டு வயசு, கையில் பெரிய ரோஜா மாலை. எழுபது நிமிஷம் வெயிலில் பஸ்ஸில் வந்த மாலை, வாத்தியாரைவிட வாடியிருந்தது. ரெத்தினத்தின் கழுத்தில் அதைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. முந்நூற்றுப் பத்துப் பேருக்குக் கடிதம் போட்டோம், நாலு பேர் பதில் போட்டார்கள் என்றார். ஒருவர் செவ்வாய் கொடுத்தார், ஒருவர் வெள்ளி கொடுத்தார், ஒருவர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அதுவும் அமாவாசை வந்தால் கிடையாது. முழு வாரமும் எடுத்துக்கொண்ட மகராசன் நீங்கள் ஒருத்தர்தான். அதற்கு மேல் ஐம்பத்துமூன்று மூட்டை நெல் வேறே அனுப்பியிருக்கிறீர்கள், வார்டன் லாரியைப் பார்த்து மயக்கம் போடாத குறை என்று சொல்லிக்கொண்டே வந்து இலையில் உட்கார்ந்தார்.

செவ்வாய், வெள்ளி என்று அவர் சொன்னது ரெத்தினத்தின் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவர் பரிமாறிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு வாய் மெல்லுவதைப் பார்ப்பதற்கு இரண்டு கண் போதவில்லை அவருக்கு.

பாயசம் ஊற்றும்போது ஜெக்கரியா சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஏழு பெயர். கீழ்வேளூர்ப் பையன், திருத்துறைப்பூண்டிப் பையன், சீர்காழிப் பையன் என்று ஊர் ஊராக. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கிழமை.

“எப்பலேருந்து அனுப்பட்டுங்க?”

“யாரைங்க?”

“ஏழு பேரையும்தான். தெனம் ஒருத்தர் வந்து உங்க வீட்டுல சாப்பிடணும்ல. வாரம்னா அதானேங்க.”

ரெத்தினம் பாயசச் செம்பைக் கீழே வைத்தார்.

ஜெக்கரியாவின் வாரம் வேறு வாரம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையாக, தஞ்சாவூரில் தேவாலயத்தைச் சுற்றி ஏழு வீட்டில் கிழமைக்கு ஒரு வீடு என்று சாப்பிட்டுப் படித்தவர் அவர். திங்கட்கிழமை வீட்டில் கருவாடு, செவ்வாய்க்கிழமை வீட்டில் கீரை, புதன்கிழமை வீட்டில் திட்டு. ‘வாரம் கொடுத்தார்கள்’ என்றால் அவருக்கு அந்த ஏழு வீடுதான். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பதே கணக்கு வாத்தியாருக்குத் தோன்றவில்லை. களத்தில் நின்றே வயசான ரெத்தினத்துக்கு இந்த அர்த்தம் தெரியவில்லை. இரண்டு பேரும் அவரவர் வாரத்தை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் ஜெக்கரியாவின் இலையில் பாயசம் மெதுவாக நரம்பு வழியே ஓடி ஊறுகாயைத் தொட்டது.

“அடுத்த பக்கத்துல வெவரமா எழுதியிருந்தேனேங்க,” என்றார் ஜெக்கரியா.

சட்டத்தை இறக்கி ஆணியைப் பிடுங்கிக் கடிதத்தைத் திருப்பினார்கள். சைக்ளோஸ்டைல் மை அட்டையில் பதிந்து, எழுத்து பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாக இருந்தது. ஜெக்கரியாவுக்கு மனப்பாடம், அவரே படித்தார். “சோறு மட்டும் எம் நோக்கமன்று. வரும் மாணவரோடு தாங்களும் உடனிருந்து உண்ண வேண்டும். உண்டபின் அரைமணி நேரமாவது படிப்பு, வேலை, உலகம் குறித்து அவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேச ஆளில்லாத மாணவர் பலர்.”

ரெத்தினம் கடைசி வரியை வாங்கி ஒருமுறை தானே படித்தார். கேட்டது இலைக்கு எதிரே ஓர் ஆளை. அவர் கொடுத்தது லாரி.

“ஏழு பேரையும் அனுப்புங்க,” என்றார். “நெல்லு அங்கயே இருக்கட்டும். நான் இங்க பாத்துக்கறேன். வரச் சொல்லுங்க.”

ஜெக்கரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ‘நடுவாசல், தஞ்சாவூர் ஜில்லா’ என்று முகவரியைப் பார்த்ததும், தஞ்சாவூர்க் கீழவாசலுக்குப் பக்கத்தில் கோட்டைக்குள்ளே எங்கேயோ ஒரு தெரு என்று நினைத்துவிட்டாராம். பஸ் ஏறிப் பத்தாவது மைலில்தான் புரிந்ததாம். எழுபது நிமிஷம் வர, எழுபது நிமிஷம் போக. மத்தியான வகுப்பு இரண்டு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை என்றால் பையன்கள் அறுப்புக் கூலிக்கு அவரவர் ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

“ஒருத்தராவது…” என்று ரெத்தினம் ஆரம்பித்தார்.

“பார்ப்போங்க,” என்றார் ஜெக்கரியா. நம் ஊரில் இல்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல வார்த்தை கிடையாது.

இரண்டே நாற்பது பஸ்ஸில் அவர் போய்விட்டார். அந்தச் சாம்பார் வியாழக்கிழமை வரைக்கும் வந்தது.

மாசி பிறந்து விடுதியிலிருந்து அச்சடித்த ரசீது ஒன்று வந்தது. நெல் மூட்டை ஐம்பத்துமூன்று, நன்றி. ரெத்தினம் இப்போது காகிதம் என்றால் திருப்பிப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை. ஒரு தடவை பட்டவர் ஆயிற்றே. தபால்தலையைக்கூடப் பிய்த்து அதன் முதுகைப் பார்த்துவிட்டுத்தான் கீழே போட்டார். ரசீதின் முதுகில் கொசு உட்கார்ந்தது போலப் பொடி எழுத்தில் விடுதி விதிகள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து யாரும் படிக்காமலே அச்சடித்து வந்தவை. பதினோராவது விதியில் ரெத்தினத்தின் விரல் நின்றது. ‘தானியம் வழங்கிய நன்கொடையாளர், விரும்பின், மாணவர் உணவைப் பரிசோதித்துப் பதிவேட்டில் குறிப்பு எழுதலாம்.’

எத்தனை முறை என்று விதி சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸுக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குடையோடு நின்றார். வீரையன் வண்டியை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தவர், “மயிலை, ஐயா எங்கயோ பொண்ணு பாக்கப் போறாருடா” என்றார். குடை அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தது. “காலேஜுக்குப் போறேன்” என்றது.

வார்டன் சின்ன வயசுக்காரர். பதினோராவது விதியைப் படித்துப் பார்த்து, மேலும் கீழும் பார்த்து, தன் அறையில் மேஜை போட்டு ஒரு தட்டு கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். பந்தியில் உட்கார்ந்து பார்த்தால்தான் பரிசோதனை என்று ரெத்தினம் சொல்லிவிட்டார். சொன்னவர் குரலில் நடுக்கம் இருந்ததை வார்டன் அதிகாரம் என்று எடுத்துக்கொண்டார் போலும்.

சாப்பாட்டுக் கூடம் அதே கூடம். ஓடு மட்டும் மாற்றியிருந்தார்கள். கடைசி வரிசையில் தூணோரமாக ஒரு தட்டு வைத்தார்கள். இருநூறு பேர் உள்ளே நுழைந்தார்கள். ஒருத்தரும் அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு இடப்பக்கம் தூண். வலப்பக்கத்தில் ஓர் இடம் காலியாக விட்டு, அதற்கப்பால் ஒரு மாணவன் உட்கார்ந்தான். பெரியவர் பக்கத்தில் யார் உட்காருவது? ஆனால் அப்பளம் போட்டார்கள். இருநூறு அப்பளம் ஒரே சமயத்தில் நொறுங்கியபோது ரெத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். தன் தட்டில் விழுந்த சோறு தன் வயலில் விளைந்தது என்று தெரிந்தும், அதில் அவருக்குப் பெருமை எதுவும் வரவில்லை. சத்தம் போதுமாக இருந்தது. யாரும் அவரோடு பேசாவிட்டால் என்ன, யாரோ யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

காலி இடத்துக்கு அப்பால் இருந்தவன்தான் கடைசியில் தலையைச் சாய்த்துக் கேட்டான். “ஐயா யாருங்க?”

“பழைய மாணவன்.”

“எவ்ளோ பழசுங்க?”

“ஓடு மாத்துறதுக்கு முன்னால.”

அவன் சிரித்துவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

பதிவேடு வந்தது. முதல் பக்கத்தில் ஏதோ ஒரு ஜமீன்தார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். அதற்குப் பிறகு கறையான் மட்டும்தான் எழுதியிருந்தது. ரெத்தினம் பேனாவைத் திறந்தார். சாம்பார் நன்றாக இருந்தது. சத்தியமாக நன்றாக இருந்தது. உப்பு, புளி, காரம் மூன்றும் தராசில் நிறுத்தது போல. ‘நன்று’ என்று எழுதினால் பரிசோதனை முடிந்துபோகும். பஸ் ஏறி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவர் எழுதினார்: ‘சாம்பாரில் உப்பு ஒரு சிட்டிகை குறைவு. அடுத்த வாரம் வந்து சரிபார்க்கப்படும்.’

சமையற்காரர் அமிர்தலிங்கம். அமிர்தம் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் அந்த அடுப்பில் நின்ற மனுஷன். குறிப்பை யாரோ படித்துக் காட்டியதும் கரண்டியை விட்டெறிந்தார். அது போய் விழுந்த இடம் பெரிய கோயில் வாசல் என்கிறார்கள், நமக்கென்ன, இருக்கட்டும். அடுத்த வியாழக்கிழமை ஒரு சிட்டிகை கூட்டிப் போட்டார். குறிப்பு: ‘உப்பு ஒரு சிட்டிகை அதிகம். அடுத்த வாரம் சரிபார்க்கப்படும்.’ அதற்கடுத்த வாரம் அமிர்தம் தராசு வாங்கிவந்து நிறுத்துப் போட்டார். குறிப்பு: ‘உப்பு சரி. உறைப்பு யோசனைக்குரியது. அடுத்த வாரம்.’

ஐந்தாவது வாரம் அமிர்தம் தானே வெளியே வந்தார். பந்தி எழுந்துவிட்டது. கூடத்தில் ரெத்தினம் மட்டும் உட்கார்ந்திருந்தார். தட்டு காலி, கை காய்ந்துவிட்டது, எழுந்திருக்க மனசில்லாமல் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அமிர்தம் சற்று நேரம் பார்த்தபடி நின்றார். சண்டைக்கு வந்தவர்தான்.

“வீட்ல யாருங்க சமையல்?” என்றார்.

“நான்தான்.”

“எத்தன பேருக்குங்க?”

ரெத்தினம் காலித் தட்டைச் சற்று நகர்த்தி வைத்தார். அமிர்தம் கேட்டதற்காகவே வருந்தியவர் போலத் துண்டை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“ஒருத்தருக்குச் சாம்பார் வராதுங்க,” என்றார். “நாங்கூட ஊருக்குப் போனா வெக்கறதில்ல.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கடுத்த வியாழக்கிழமை சாம்பாரில் உப்பே இல்லை. ஒரு கல் உப்புகூட. இருநூறு பேரும் ஒரு வாய் வைத்துவிட்டு அமிர்தத்தின் ஏழு தலைமுறையையும் விசாரித்தார்கள். அவர் காதில் விழாதவர் போல அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கிண்ணத்தில் உப்பைப் போட்டுப் பந்தியில் கைமாற்றினார்கள். ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்துப் பக்கத்து ஆளிடம் கொடுக்க, அவன் அடுத்தவனிடம் கொடுக்க, கிண்ணம் வரிசை வரிசையாக வந்து கடைசி வரிசைக்கு வந்தது. காலி இடத்துக்கு அப்பால் இருந்தவனுக்குக் கை எட்டவில்லை. அவன் கிண்ணத்தோடு நகர்ந்து காலி இடத்தில் உட்கார்ந்து நீட்டினான்.

“போட்டுக்கங்கய்யா. இன்னைக்கி ஒங்களுக்கு நல்ல வேட்டை.”

கீழ்வேளூர்ப் பக்கத்துப் பையன், தமிழ் இலக்கியம் இரண்டாம் வருஷம். கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக அவனுக்குச் சோம்பலாக இருந்திருக்க வேண்டும், அங்கேயே உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டான். ரெத்தினம் பதிவேட்டைத் திறந்ததும் எட்டிப் பார்த்தான். ‘உணவைப் பரிசோதித்தேன்’ என்று அவர் எழுதியிருந்ததைப் பார்த்து, உச்சுக்கொட்டினான். பரிசோதனை வடசொல்லாம், வேண்டாமாம். “‘சுவைத்தேன்’னு எழுதுங்கய்யா,” என்றான். ரெத்தினம் சொல்லை அடித்துவிட்டுச் சுவைத்தேன் என்று எழுதினார். பையன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு எழுந்து போனான். அவனுக்கு இரண்டு மணி வகுப்பு.

கூடம் காலியாயிற்று. தட்டுகள் கழுவுகிற சத்தம் மட்டும் உள்ளே கேட்டது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, நடுவாசலில் பருப்பு ஒரு கைப்பிடி, புளி ஒரு கொட்டை, தாழ்ப்பாள் சத்தம். அதற்கப்புறம் சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். முழு வாரம் கொடுத்தவருக்கு அதில் ஒரு நாள் திரும்பி வந்திருந்தது. ரெத்தினம் பேனாவை உதறிவிட்டு, அடுத்த வரியை மெதுவாக, கோணாமல் எழுதினார்.

‘சாம்பாரில் உப்பு இல்லை. அடுத்த வாரம் வந்து சரிபார்க்கப்படும்.’